விடுமுறையும் ஒரு விதிதான்

பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடும் தகப்பன் வாத்தியாரிடம் சொல்வதாக ஒரு பேச்சு நம் ஊர்களில் தலைமுறைகளாகப் புழங்கிவந்தது: “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்.” 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் அடியையும் மன வதையையும் தடைசெய்துவிட்டது. இன்று அவ்வளவு பச்சையாக யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பேச்சில் இருந்த முழு ஒப்படைப்பு அப்படியேதான் இருக்கிறது. சேர்க்கையன்று கையில் தரும் டைரியின் முதல் பக்கங்களில் விதிகள் அச்சிடப்பட்டிருக்கும்: பையன்கள் முடியை எவ்வளவு ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும், பெண்பிள்ளைகள் இரட்டைச் சடையை எந்த நிற ரிப்பனால் மடித்துக் கட்ட வேண்டும், மருதாணி வைக்கலாமா, கொலுசு போடலாமா, தாமதமாக வந்தால் என்ன ஆகும். பெற்றோர் படித்தும் படிக்காமலும் கீழே கையெழுத்துப் போடுகிறார்கள். “அங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்” என்று பேர் வாங்குவதைவிட ஒரு தனியார் பள்ளிக்குப் பெரிய விளம்பரம் வேண்டியதில்லை. இவையெல்லாம் பள்ளி பிள்ளைமேல் சுமத்தும் விதிகள். இன்னொரு வகை விதிகளும் உண்டு. அவை பள்ளியையே கட்டுப்படுத்துபவை. முதல் வகையை இவ்வளவு அக்கறையோடு காக்கும் பெற்றோர் இரண்டாம் வகையைத் தங்கள் விவகாரமாகவே நினைப்பதில்லை. பிள்ளைகளின் விடுமுறை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது பள்ளி மனமிரங்கித் தரும் சலுகை என்று எண்ணுவதால்தான், பள்ளி அதை எடுத்துக்கொள்ளும்போது நமக்கு எதுவும் உறைப்பதில்லை.

இரண்டாம் வகை விதிகளை யாரும் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு கொடுத்த விலை பெரிது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள்; பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் அந்த ஆண்டே வந்தன. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது, வரவும் கூடாது. கேள்வி மிச்சமிருக்கும் நம்மைப் பற்றியது. சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் கட்டணத்தையும் தேர்ச்சி விழுக்காட்டையும் கேட்கிறார்கள். கட்டட உறுதிச் சான்றைக் காட்டச் சொல்பவர், வாகனத்தின் தகுதிச் சான்று எந்தத் தேதி வரை என்று விசாரிப்பவர் அரிது. கேட்டால் ‘பிரச்சினை பண்ணும் பேரண்ட்’ என்று பெயர் வரும், அந்தப் பெயர் வகுப்பறையில் பிள்ளையின் தலையில் விடியும் என்ற பயம் உள்ளே இருக்கிறது. உயிர்போகும் விஷயத்திலேயே வாய் திறக்கத் தயங்குகிறவர்கள் ஒரு சனிக்கிழமைக்காகவோ மே மாதத்தின் பத்து நாட்களுக்காகவோ திறப்பார்களா?

விடுமுறைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 மணி நேரப் பாடம் என்கிறது. ஆறு முதல் எட்டுவரை 220 நாட்கள், 1000 மணி நேரம். இந்தக் குறைந்தபட்ச அளவை வைத்துக்கொண்டுதான் பள்ளிக் கல்வித் துறை ஆண்டு நாட்காட்டியைத் தயாரிக்கிறது. காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகள் அதிலேயே வகுக்கப்படுகின்றன. கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று அதிகாரிகள் சுற்றறிக்கை அனுப்புகிறார்கள். அடுத்த ஆண்டும் அதே சுற்றறிக்கையை அனுப்ப வேண்டியிருக்கிறது. வெயிலும் முன்புபோல இல்லை. 2023இல் ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகளை முதலில் 7ஆம் தேதிக்கும், பிறகு பெரிய வகுப்புகளுக்கு 12ஆம் தேதிக்கும் சின்ன வகுப்புகளுக்கு 14ஆம் தேதிக்கும் தள்ளிவைத்தார்கள். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்றே அரசு அறிவித்தது. அப்படிப்பட்ட மே மாதத்தில்தான் பத்தாம் வகுப்புக்குப் போகவிருக்கும் பிள்ளைகள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

எப்படிக் கிளம்புகிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முந்தின நாள் பெற்றோரின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வரும்: நாளை யூனிஃபார்ம் வேண்டாம், கலர் டிரஸ்ஸில் அனுப்பவும். ஆய்வுக்கு யாராவது வந்தால் தெருவில் போகும் பிள்ளை பள்ளிப் பிள்ளை என்று தெரியக் கூடாது. பள்ளி வேன் வராது, வாசலின் பெரிய கேட் திறக்காது. பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போக வேண்டும். அதற்கும் முன்பாகவே, ‘என் மகன்/மகள் சிறப்பு வகுப்பில் கலந்துகொள்ள எனக்கு முழுச் சம்மதம்’ என்ற வாசகத்தின் கீழ் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்திருப்பார்கள். ரிப்பனின் நிறம் மாறியதற்காக ஒரு பெண்ணை வாசலில் நிறுத்திவைத்த அதே நிர்வாகம், தான் மீற வேண்டிய விதி என்று வரும்போது சீருடையையே கழற்றச் சொல்கிறது. வீட்டில் அந்தக் கலர் டிரஸ்ஸை இஸ்திரி போட்டுக் கொடுப்பது நாம்தான். பதினான்கு வயதுப் பிள்ளை இதிலிருந்து விதியைப் பற்றி என்ன கற்றுக்கொள்ளும்? எளியவன்மேல் இருப்பது கண்டிப்பு, வலியவன்மேல் இருப்பது வெறும் காகிதம். எந்தக் குடிமையியல் பாடத்தாலும் பிற்பாடு அழிக்க முடியாத பாடம் இது. இதைக் கற்பிப்பதில் பள்ளிக்கும் வீட்டுக்கும் சம பங்கு.

பள்ளி நிர்வாகங்களின் பேராசை என்று முழுப் பழியையும் ஒரு பக்கமாகத் தள்ளிவிட முடியாது. பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டுகள் உருட்டிக்கொண்டிருந்த காலம் வெகு தொலைவில் இல்லை. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் புகழ் அந்தக் காலத்தில்தான் மாநிலமெங்கும் பரவியது. அங்கே ஞாயிற்றுக்கிழமையும் படிப்பு என்பது தெரிந்தேதான், அதற்காகவேதான், பெற்றோர் கடன் வாங்கிப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். 2017இல் அரசு மாநில முதலிடம் பெற்றவர்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. அந்த ஆண்டே பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. ஒரு வகுப்பின் பாடத்தைக் காப்பாற்ற ஒரு பொதுத்தேர்வு தேவைப்பட்டது. விளைவாகப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை விலக்கச் சொன்னது. விதியைப் போடுவதும் எடுப்பதுமாக அரசு ஆடிய இந்த எட்டு ஆண்டுகளிலும் பெற்றோரின் விருப்பம் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அது நகராதவரை எந்தச் சுற்றறிக்கையும் பக்கத்துக் கதவைச் சாத்தாது.

மழை விடுமுறையின் கதையும் இதுதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆட்சியர்கள் விடுமுறை அறிவிப்பது பிள்ளைகளின் உயிருக்காக. 2015 வெள்ளத்தின்போது சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் பள்ளிகள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன. அரையாண்டுத் தேர்வு அடுத்த ஜனவரிக்குப் போனது. எந்தப் பிள்ளையின் வாழ்க்கையும் அதனால் நின்றுவிடவில்லை. விட்ட நாளைச் சனிக்கிழமையில் ஈடுகட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2024இல் தீபாவளிக்கு மறுநாளை விடுமுறையாக்கிய அரசு நவம்பர் 9, சனிக்கிழமையை வேலை நாளாக்கியது நேர்மையான கணக்கு. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு புதிதாக ஒன்று நுழைந்திருக்கிறது. வாசலில் தண்ணீர் நிற்கும் காலையில், அறிவிப்பு வந்த அரை மணி நேரத்துக்குள் “ஆன்லைன் கிளாஸ் உண்டா மேம்?” என்று குழுவில் கேட்பவர் பெரும்பாலும் பெற்றோர்தான்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. குடும்பத்துக்கு உண்மையாகவே பிள்ளை தேவைப்படும் நாட்களில் பெற்றோர் என்ன செய்கிறார்கள்? காதுகுத்து, குலதெய்வக் கோயில் பொங்கல், பாட்டியின் கருமாதி எல்லாம் வேலை நாளில் வரத்தான் செய்யும். ‘உடல்நிலை சரியில்லாத காரணத்தால்’ என்று தொடங்குவதுதான் நாம் பள்ளியிலேயே மனப்பாடம் செய்த விடுப்பு விண்ணப்பம். எனவே காய்ச்சல் என்று எழுதி, அப்பா கையெழுத்துப் போட்டு, அந்தப் பொய்யைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புகிறோம். மொட்டை போட்ட தலையோடு அது வகுப்பில் நின்று காய்ச்சல் என்று சொல்ல வேண்டும். உண்மைக் காரணத்தை ஏற்கும் பள்ளிகள் இல்லாமல் இல்லை. நாம் எழுதிப் பார்ப்பதுகூட இல்லை. நூறு சதவீத வருகைக்குப் பரிசு தரும் வழக்கம் இன்னொரு கொடுமை. உண்மையான காய்ச்சலோடு வந்து உட்காரும் பிள்ளைக்கும், அதனிடமிருந்து காய்ச்சலை வாங்கிக்கொள்ளும் பக்கத்துப் பிள்ளைக்கும் அந்தச் சான்றிதழால் என்ன நன்மை?

அப்படியானால் பெற்றோர் நினைத்த நாளெல்லாம் பிள்ளையை நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்கலாம். கூடாது. இங்கிலாந்தில் ஒயிட் தீவைச் சேர்ந்த ஒரு தந்தை 2015 ஏப்ரலில், பள்ளி நடக்கும் நாட்களில், அனுமதி மறுக்கப்பட்ட பின்னும் தன் ஆறு வயது மகளை ஃப்ளோரிடாவுக்குச் சுற்றுலா கூட்டிப்போனார். 120 பவுண்டு அபராதத்தைக் கட்ட மறுத்து வழக்காடினார். கீழ் நீதிமன்றங்களில் வென்றார். 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பள்ளி வகுத்த விதிப்படி வருவதே வருகை என்று ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். நாட்காட்டி இரு தரப்பையும் கட்ட வேண்டும். வேலை நாளை மதிக்காத பெற்றோர் விடுமுறை நாளை மதிக்கும்படி பள்ளியைக் கேட்கும் தகுதியை இழக்கிறார். சாவுக்கும் சடங்குக்கும் ஆண்டுக்குச் சில நாட்களை உண்மைக் காரணத்தோடு அனுமதிப்பது வேறு, மலிவான விமானக் கட்டணத்துக்காகப் பாடத்தை விடுவது வேறு.

என் வாதத்துக்கு எதிரான பேச்சுகளில் வலுவானது வரலாற்றிலிருந்து வருகிறது. பள்ளிக்கு வெளியே கிடக்கும் நேரத்தைத் தமிழ்ச் சமூகம் சந்தேகத்தோடு பார்க்கக் காரணம் இருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் வீட்டில் தகப்பனின் தொழிலைப் பழகச் சொன்னது. வண்ணார் பிள்ளைக்குத் துறை, குயவர் பிள்ளைக்குச் சக்கரம். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டிப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், அடுத்த மாதமே அது கைவிடப்பட்டது. பள்ளியில் கழியும் ஒவ்வொரு மணியும் சாதித் தொழிலிலிருந்து பறித்தெடுத்த மணி என்ற உணர்வு அங்கிருந்து வருகிறது. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். கூலி வேலை செய்யும் தாய் தன் மகள் ஒரு நாளும் பள்ளி தவறக் கூடாது என்று நினைத்தால் அந்த நினைப்புக்குப் பின்னால் நூறு ஆண்டுப் போராட்டம் இருக்கிறது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. இடையில் எத்தனை பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள், எத்தனை பெண்களுக்குத் தாலி ஏறியது என்று அந்தந்த ஊர் ஆசிரியர்களுக்குத் தெரியும்.

ஏழைப் பிள்ளைக்கு விடுமுறை என்பது சோறில்லாத நாளாகவும் இருக்கலாம். 2004 ஏப்ரலில் உணவு உரிமை வழக்கில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தரப்பட வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது இதனால்தான். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ பதினான்கு வயதுக்குக் கீழுள்ள பிள்ளை, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி விட்ட பின்னும் விடுமுறைகளிலும் உதவலாம் என்று வழி திறந்துவிட்டது. விடுமுறை என்றால் வீட்டு வேலைக்கான நேரம் என்று சட்டமே சொல்லிவிட்டது. 1953இன் நிழல் அதில் விழுவதைக் காணாமல் இருக்க முடியவில்லை. ஆனால் இவற்றிலிருந்து பிறப்பது விடுமுறையைக் குறைக்க வேண்டும் என்ற முடிவா? சோறு இல்லையென்றால் கேட்க வேண்டியது விடுமுறையிலும் சோறு. 1953இன் அநீதி, பள்ளிக்கு வெளியே இருந்த நேரம் பிள்ளைக்குச் சொந்தமாகாமல் தகப்பனின் தொழிலுக்குச் சொந்தமானது. இன்று அதே நேரம் வரப்போகும் மதிப்பெண்ணுக்குச் சொந்தமாகியிருக்கிறது. இரண்டிலும் பிள்ளையின் நாளுக்கு முதலாளி வேறு யாரோ. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்று, 1992இல் இந்தியா இணைந்த குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாகவே எழுதியிருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கு அதில் விலக்கு இல்லை.

அடுத்த எதிர்ப்பு போட்டியைப் பற்றியது. பக்கத்துப் பள்ளியில் மே மாதமே பாடம் தொடங்கிவிட்டால் என் பிள்ளை பின்தங்காதா, நீட் இருக்கிறதே, கட் ஆஃப் இருக்கிறதே என்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இந்தப் பயத்தில் தவறே இல்லை. திரையரங்கில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவரும் எழத்தான் வேண்டும். எல்லோரும் நின்றபின் யாருக்கும் படம் கூடுதலாகத் தெரிவதில்லை, கால் மட்டும் வலிக்கிறது. எல்லாப் பள்ளிகளும் விடுமுறையைத் தின்னும்போது எந்தப் பிள்ளையும் முந்துவதில்லை. ஆகவேதான் இதைத் தனிமனித விருப்பத்துக்கு விடாமல் பொது விதியாக வைத்திருக்கிறார்கள். அந்த விதி பள்ளியிடமிருந்து பிள்ளையைக் காப்பது போலவே, ஒரு பெற்றோரின் பதற்றத்திலிருந்து இன்னொரு பெற்றோரையும் காக்கிறது. ‘விருப்பமுள்ளவர்கள் மட்டும் வரலாம்’ என்ற ஏற்பாடு அந்தக் காப்பை உடைக்கிறது. மற்றவர்கள் போகும்போது விருப்பமில்லை என்று சொல்லும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

கூடுதல் நாள் கூடுதல் படிப்பைத் தரும் என்பதும் ஆராயாமல் ஏற்ற நம்பிக்கை. சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989இல் தன் கன்னிப்பேச்சை முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் படும் பாட்டைச் சொல்வதற்கே கொடுத்தார். புத்தகப் பையின் கனமும், விளையாடவும் கனவு காணவும் நேரமில்லாத பிள்ளைப் பருவமும்தான் அவர் பேசிய விஷயம். அதன் தொடர்ச்சியாக அமைந்த யஷ்பால் குழு 1993இல் தந்த அறிக்கை, பையின் எடையைவிடப் பெரிய சுமை புரியாமல் படிப்பதுதான் என்று கண்டது. புரியாததை அதே முறையில் மே மாதத்திலும் ஒருமுறை ஒப்பிக்க வைப்பதால் அது புரிந்துவிடாது.

செல்போன் வாதத்தை எளிதாகத் தள்ள மாட்டேன். விட்டால் நாளெல்லாம் ரீல்ஸ் பார்க்கும், இருவரும் வேலைக்குப் போகிறோம், யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி நியாயமானது. கோடை வந்தால் கிணற்றிலும் குவாரிக் குட்டையிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அந்தப் பயம் கற்பனை இல்லை. ஆனால் இந்தக் கேள்விகளுக்கு வகுப்பறை ஒன்றுதான் பதில் என்று ஆனது எப்படி? ஊரின் பெரிய திடல் பெரும்பாலும் பள்ளியின் திடல்தான். விடுமுறையில் அதற்குப் பூட்டு. மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது. அந்தச் செலவில் சிறு துளியும் ஊராட்சி நூலகங்களைத் தொடவில்லையே என்ற ஆதங்கம் எனக்குண்டு. திடலைத் திறந்துவிடவும் நீச்சல் பழக்கவும் இருவரை அமர்த்தும் செலவு ஒரு வட்டாரத்துக்குப் பெரிதல்ல. பாடம் நடத்தும்படி கேட்கப் பள்ளிக்குப் போகும் பெற்றோர், திடலைத் திறக்கும்படி கேட்க ஊராட்சிக்குப் போனதில்லை.

கேட்க ஓர் இடத்தைச் சட்டம் கொடுத்தே இருக்கிறது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு கட்டாயம். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். 2022இல் தமிழ்நாடு முழுவதும் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. கழிப்பறை, சுற்றுச்சுவர், ஆசிரியர் பணியிடம் என்று அவற்றின் தீர்மானங்கள் நகர்கின்றன. விடுமுறையில் திடல் யாருக்கு என்பதும் அங்கே தீர்மானமாக வேண்டும். உதவி பெறாத தனியார் பள்ளிகளை இந்தக் கட்டாயத்திலிருந்து சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. விடுமுறை மிக அதிகமாகப் பறிபோவது அங்கேதான். ஆகவே அங்கே பெற்றோர் தாங்களாகச் சேர வேண்டும், அதுவும் சரியான நேரத்தில். பத்தாம் வகுப்பு தொடங்கியபின் பயம் தொற்றிவிடும், யாரும் யாரோடும் சேர மாட்டார்கள். ஒன்பதாம் வகுப்பின் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, சம்மதக் கடிதம் வருவதற்கு முன்பே, ஒரு பிரிவின் பெற்றோரில் பாதிப்பேராவது ஒரே தாளில் ‘அரசு அறிவித்த கோடை விடுமுறையில் எங்கள் பிள்ளைகளை அனுப்ப இயலாது’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். ஒருவர் எழுதினால் அவருடைய பிள்ளைக்குத் தொல்லை வரும். இருபது பேர் எழுதினால், கோப்பில் சம்மதக் கடிதங்கள் இல்லாமல் எந்த நிர்வாகமும் பக்கத்துக் கதவைத் திறக்கத் துணியாது.